பெரியப்பாவின் மைனருக்கு என்ன விலை சொல்வது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் பெரியம்மாவின் வளவுக்குள், மாமரத்தை ஒட்டிய தகரக் கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1954 ஆம் ஆண்டுக் கார். முன்கண்ணாடி நடுவால் பிரிந்திருக்கும் இரண்டாம் தொடர், 803 சிசி எஞ்சின், இரண்டு கதவு. பெரியப்பா அதை 1967 இல் வாங்கி 2009 வரை ஓட்டினார். பிறகு அவருக்குக் கண் மங்கியது, கார் கொட்டிலுக்குள் போனது. போன வருடம் அவர் காலமானார். பெரியம்மா வளவைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பில் மகளோடு இருக்கப் போகிறார். காரையும் கொடுத்தாக வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் மூன்று விலை காதில் விழுந்தது. பழைய இரும்பு எடுப்பவர் எடைக்கு ஒரு விலை சொன்னார். அநுராதபுரச் சந்திப் பக்கமிருந்து வந்த தரகர் அதைப்போல நாலு மடங்கு தருவதாகச் சொன்னார். கொழும்பில் இருக்கும் சின்னம்மாவின் மகன், இணையத்தில் இதே மாதிரிக் கார் ஒன்றுக்குப் போட்டிருந்ததாக ஒரு விலையைச் சொன்னான். அது தரகர் சொன்னதைப்போல இன்னும் நாலு மடங்கு. ஒரே காருக்கு ஒன்றுக்குப் பதினாறு என்று விலை நின்றது.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நாங்களும் ஏமாறக் கூடாது, வாங்கிற பிள்ளையையும் ஏமாத்தக் கூடாது. என்ன விலை சொல்லலாம் எண்டு பார்த்துச் சொல்லு."

பழைய காருக்கு விலை கணிக்க என்னென்ன வழி உண்டு, எந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்று அந்த இரண்டு மாதமும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சீர்செய்யாத காரை வீட்டில் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல். எல்லாப் பழைய காரையும் விண்டேஜ் என்கிறோம். பழைய கார்க்காரர்களின் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் விண்டேஜ். எங்கள் மைனர், ஒஸ்ரின் சோமர்செட், கேம்பிரிட்ஜ், ஹில்மன், பேஜோ 203 எல்லாம் கிளாசிக் வகை. விளம்பரத்தில் எப்படிப் போட்டாலும் வாங்க வருபவர் இந்த வித்தியாசம் தெரிந்தவராக இருப்பார்.

எடை விலையை ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். மைனர் ஏறக்குறைய முக்கால் தொன். அந்த எடைக்குக் கிடைக்கும் காசு காரின் விலை ஆகாது. ஆனால் கழற்றி விற்றால் என்ன வரும் என்பது வேறு கணக்கு, அதை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். பிரிந்த முன்கண்ணாடி இரண்டும் வெடிப்பில்லாமல் இருக்கின்றன. முன்கிறில் முழுசு. கதவுத் தூணிலிருந்து கை மாதிரி எழும்பித் திரும்பும் பக்கத்தைக் காட்டுகிற சமிக்ஞைக் கை இரண்டும் இருக்கின்றன, ஒன்று வேலையும் செய்கிறது. வேகமானி, கைப்பிடிகள், கியர்பொக்ஸ், பின் டிஃபரென்ஷல் என்று ஒவ்வொன்றாக எழுதி, இன்னொரு மைனர்க்காரர் இதற்கு என்ன தருவார் என்று விசாரித்தேன். கூட்டிப் பார்த்தால் தரகரின் விலையைத் தாண்டியது. காரைப் பிரிக்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை, கேட்கவே பெரியம்மாவுக்கு மனம் பொறுக்காது. ஆனாலும் இந்தத் தொகைக்குக் கீழே யாருக்கும் தலையாட்டத் தேவையில்லை என்ற தைரியம் அந்தக் கணக்கால் வந்தது.

தரகர் சொல்வதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லொறிக் கூலி, வாங்குபவர் கிடைக்கும்வரை வைத்திருக்கும் செலவு, தன் இலாபம் எல்லாம் கழித்துத் தான் வாங்கும் விலையைத்தான் அவர் சொல்கிறார். அதில் தப்பில்லை, அது அவர் தொழில். அவர் சொன்ன தொகையைவிட அவர் எதை முதலில் பார்த்தார் என்பதுதான் எனக்கு உதவியது. வந்த மனிதர் பொனற்றைத் திறக்கவில்லை, கறளையும் தட்டிப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய் இலக்கத்தகட்டைத் துடைத்துப் பார்த்தார். அடுத்ததாக, "புத்தகம் இருக்கா?" என்று பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். விலை எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே பாதி விளங்கிவிட்டது.

அந்தத் தகடு ஈ.எல். எழுத்தில் தொடங்குவது. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை எடுத்துச் சோடி சோடியாக வைத்த காலத்து இலக்கம். 1957 இல் அந்த எழுத்துகளின் இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டத்தை ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் கதைப்பார்கள். ஆகவே அந்த எழுத்துச் சோடி இலக்கம் உள்ள கார் என்றால் அது ஸ்ரீ வருவதற்கு முன் பதியப்பட்டது என்று தகடே சொல்லிவிடும். அதை இனி யாராலும் செய்து தர முடியாது.

இணைய விளம்பரத்தையும் பத்திரிகை விளம்பரத்தையும் பார்ப்பது மூன்றாவது வழி. எல்லாரும் செய்வது இதைத்தான், அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, கைமாறிய விலை எங்கேயும் எழுதப்படுவதில்லை. ஒரு கொப்பியில் ஆறு வாரம் குறித்து வந்தேன். நாலு நாளில் காணாமல் போன விளம்பரமும் உண்டு, ஆறு வாரமும் அசையாமல் நின்ற விளம்பரமும் உண்டு. அசையாமல் நின்ற விலையை வைத்து எங்கள் காருக்கு விலை போட்டால் எங்கள் காரும் அதைப்போல நிற்கும். காணாமல் போனவற்றின் உரிமையாளர்களை அழைத்து மரியாதையாகக் கேட்டேன். நானும் ஒரு மைனர் விற்க இருக்கிறேன், உங்களுடையது எவ்வளவுக்குப் போனது என்று உண்மையைச் சொல்லிக் கேட்டால் பலர் சொல்கிறார்கள். கேட்ட விலைக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

ஒப்பிடும்போது ஒரே சாதியை ஒப்பிட வேண்டும். 1956 இன் பிற்பகுதியில் வந்த மைனர் 1000 இல் ஒற்றைக் கண்ணாடி, 948 சிசி எஞ்சின். 1962 க்குப் பிறகு 1098 சிசி. ஓட்டுவதற்கு அவை சுகம், பிரிந்த கண்ணாடிக் காரைத் தேடுபவர் வேறு ஆள். டட்சன் 1200 எஞ்சின் ஏற்றிய மைனரும் விளம்பரத்தில் வரும். நாளாந்தம் ஓட்ட நினைப்பவருக்கு அது நல்ல கார், ஆனால் அதன் விலை எங்கள் காருக்குப் பொருந்தாது. இன்னொன்று, விளம்பரம் எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் நாலு சில்லு உள்ள எதற்கும் விலை ஏறியிருந்தது. சின்னம்மாவின் மகன் நினைவில் வைத்திருந்த விலை அந்தக் காலத்தது.

இனி, படித்த ஆட்களும் சரியென்று நம்புகிற நாலாவது வழிக்கு வருகிறேன். சீர்செய்து மினுங்குகிற கார் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து, அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது சீர்செய்யாத காரின் விலை என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் அத்தான் கணக்காளர், அவரும் இதைத்தான் சொன்னார். இருவருமாக ஒரு மாலை இருந்து போட்டோம். இலக்கங்கள் வெறும் உதாரணத்துக்கு: மினுங்கும் கார் 14 இலட்சம் என்று வைப்போம். தகர வேலை 4, பெயின்ற் இரண்டரை, எஞ்சின் 2, பிரேக்கும் சில்லுப் பக்கமும் ஒன்றரை, இருக்கையும் உள்வேலையும் ஒன்றரை. மொத்தம் பதினொன்றரை. மிச்சம் இரண்டரை இலட்சம். சரி. இப்போது தகர வேலையை மட்டும் ஐந்தரையாக மாற்றி, மினுங்கும் காரின் விலையை 12 ஆக்கிப் பாருங்கள். பழைய கார் வேலையில் இரண்டும் சாதாரணமாக நடப்பவை. செலவு 13, விலை 12. ஒரு இலட்சம் குறைவில் நிற்கிறது. அதாவது இந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நாங்கள் ஒரு இலட்சம் கொடுக்க வேண்டும் என்கிறது கணக்கு.

அத்தான் சிரிக்கவில்லை, பேனையை வைத்துவிட்டு யோசித்தார். இரண்டு பெரிய ஊகத்தில் ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால் மிஞ்சும் சின்னத் தொகையில் அந்த இரண்டின் பிழையும் சேர்ந்து நிற்கும். அதோடு இங்கே செலவுப் பக்கம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது வெளியிலிருந்து வரும் சாமானின் விலையும் கூடவே போனது. அதற்கு முந்திய மதிப்பீட்டுக் கடதாசி ஒன்றை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதுவும் கணிக்க முடியாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இந்த வழியின் அடியில் இருக்கிறது. சீர்செய்யாத காரை முடிக்கப்படாத வேலையாக, மினுங்கும் காரின் குறைப்பிறவியாக அது பார்க்கிறது. தேடி வாங்குபவர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் யாரும் கை வைக்காததை வாங்குகிறார். அதனால் நான் கணக்கைத் தலைகீழாக்கினேன். மேலிருந்து கழிப்பதை விட்டு, கீழிருந்து கூட்டுவது. அதாவது, இந்தக் காரில் இனிச் செய்ய முடியாதது எது, காசு கொடுத்தால் செய்யக்கூடியது எது என்று இரண்டாகப் பிரித்து, முதல் வகைக்கு விலை சொல்வது.

அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் கறள் பற்றிய பயமே வேறு மாதிரி ஆனது. எங்கள் நாட்டில் தகரத்தைக் கையால் தட்டி எடுக்கும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றுக்காக 1990களில் மைனரின் உடல் தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டன. ஆகவே ஓட்டை விழுந்த மட்கார்ட் செய்யக்கூடிய வகை. ஓடி முடிந்த எஞ்சினும் அப்படித்தான். உடைந்து தொலைந்த முன்கிறில், மாறிப்போன சசி இலக்கத் தட்டு, தொலைந்த பதிவுப் புத்தகம், சுரண்டி எடுத்த முதல் பெயின்ற் ஆகியவைதான் கடினம் அல்லது முடியாது. வெளி ஆள் கண்ணை மூடிக்கொண்டு விலை குறைப்பது கறளுக்கு. வாங்கத் தெரிந்தவர் குறைப்பது இல்லாத சாமானுக்கு.

ஆனால் மைனரில் எல்லாக் கறளும் ஒன்றல்ல, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சோமர்செட் போன்ற காருக்கு அடியில் தனிச் சசி உண்டு. மேல் உடம்பு கறள் பிடித்தாலும் சட்டம் தாங்கும். மைனருக்கு உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் சில், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால், நடுவில் குறுக்கே போகும் பெட்டி, பின் வில்லுத் தகடு மாட்டும் இடம் ஆகிய நாலும் தின்னப்பட்டிருந்தால் கார் உள்ளுக்குள் மடியும். பார்க்கும் முறை எளிது. நடுப்பெட்டியில் ஜாக் நுழைக்கும் துளை இருக்கும். அங்கே வைத்து மெதுவாக ஒரு பக்கத்தைத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கதவு இறுகினால் அல்லது இடைவெளி மாறினால் சில் போய்விட்டது. எங்கள் காரில் இடது பக்கம் நன்றாகத் திறந்தது. வலது பக்கம் கொஞ்சம் உரசியது. படம் எடுத்து வைத்தேன். விளம்பரத்தில் அந்தப் படமும் போகும்.

திருகோணமலைக் கார் என்றதும் வெளியூர் ஆட்கள் முதலில் கேட்பது உப்பைப் பற்றி. நியாயமான கேள்வி. மூன்று பக்கமும் கடல். ஆனால் ஊருக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. மார்கழியில் வாடை வங்காள விரிகுடாவிலிருந்து நேரே அடிக்கும்போது உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். கச்சான் காலத்துக் காற்று தரை வழியாக வருவது, காயவைத்துவிடும். கடலுக்கு முகம் கொடுத்த வீட்டில் நின்ற காரும், மேட்டில் மரங்களுக்குள் நின்ற காரும் ஒன்றாகக் கறள் பிடிப்பதில்லை. எங்கள் கொட்டிலின் மூடிய சுவர் வாடைப் பக்கம் இருந்தது அதிர்ஷ்டம். 2004 கடல்கோளில் தண்ணீர் ஏறியதா என்பதையும் கேட்காமலே எழுதிவிட வேண்டும். நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கடல் நீர் குடித்த வாகனங்களைக் கழுவித் துடைத்து ஓட்டினார்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் உள்ளேயும் நடுப்பெட்டிக்குள்ளும் தங்கிய உப்பு வெளியில் தெரியாமல் வேலை செய்திருக்கும். உவர்மலை மேடு, தண்ணீர் ஏறவில்லை. இதைச் சொன்னதும் தொலைபேசியில் கதைத்த ஒருவரின் குரலே மாறியது.

யாழ்ப்பாணத்தில் ஓடிய காரா என்றும் கேட்பார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அங்கே பெற்றோலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சனத்தைக் காப்பாற்றிய வித்தை அது, ஆனால் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கி பெயாரிங்கைத் தின்னும். அப்படி ஓடிய காராக இருந்தால் எஞ்சின் வேலைக்கு ஒரு தொகையை ஒதுக்கித்தான் விலை சொல்ல வேண்டும்.

எஞ்சினை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பொடியன் நல்ல மனதோடு ஒரு புதுப் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்தான், "ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம் அண்ணை" என்று. வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் நின்ற எஞ்சினைத் திடீரென்று சுழற்றினால் ஒட்டியிருக்கும் வளையம் உடையும், சிலிண்டர் கீறும், தாங்கியில் பிசினாகிப்போன பழைய பெற்றோல் கார்புரேட்டருக்குள் போகும். பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஐந்து நாள் விட்டோம். பிறகு முன்னால் கம்பி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினோம். சுற்றியது. அவ்வளவு போதும். "எஞ்சின் கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை" என்ற வசனத்துக்கு ஒரு விலை உண்டு. அரைகுறையாகப் புகைவிட்டு ஓடுகிற எஞ்சினுக்கு அதைவிடக் கூடிய விலை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது பெயின்ற் விஷயத்தில். விற்பதற்கு முன் ஒரு கை பெயின்ற் அடித்தால் விலை ஏறும் என்று நாலு பேர் சொன்னார்கள். என் அப்பா தன் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை விற்கும்போது அதைத்தான் செய்தார். ஒரு கராஜில் பத்து நாளில் பட்டி தடவி, பளபளவென்று அடித்துக் கொடுத்தார்கள். வாங்க வந்தவர் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடியில் வைத்தார். ஒட்டவில்லை. அடுத்த கதவிலும் வைத்தார், ஒட்டவில்லை. உண்மையில் அந்தக் கார் உறுதியான கார். சின்னச் சின்ன நெளிவை நிரப்பத்தான் அவ்வளவு பட்டி. ஆனால் அதை இனி யார் நம்புவார்? அடித்த பெயின்ற் குறையை மறைத்ததைவிட நல்லதைத்தான் அதிகம் மறைத்தது. அப்பா பெயின்றுக்குக் கொடுத்த காசும் வரவில்லை, பழைய நிலையில் கேட்ட விலையும் வரவில்லை. அந்த நாள் அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரியப்பாவின் காருக்கு அது நடக்க விடமாட்டேன் என்றுதான் இந்த வேலையையே எடுத்தேன்.

உலகளவிலும் நிலைப்பாடு இதுதான். பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், முடிந்தவரை இருப்பதைப் பேணுவதையே முதலில் வைக்கிறது, திரும்பச் செய்வது அதற்குப் பிறகுதான். நாங்கள் செய்தது கழுவியது மட்டும். வெறும் தண்ணீர், மென்மையான துணி. எலிக்கூட்டை அகற்றினோம். இருக்கையின் கிழிசலைத் தைக்கவில்லை.

வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பற்றி ஒரு பந்தி போதும். ஹகெர்ட்டி போன்றவை 1 முதல் 4 வரை நிலை வைத்து விலை தருகின்றன. அதில் கடைசி 4 ஆம் நிலை என்பதே ஓடுகிற கார், குறைகள் கண்ணுக்குத் தெரிகிற கார். கொட்டிலில் நிற்கும் கார் அந்தப் பட்டியலுக்கே வெளியே. பவுணில் இருக்கும் விலையை ரூபாவாகப் பெருக்கி வைத்துக்கொண்டு கனவு காண வேண்டாம். அங்கே சாமான் தபாலில் மறுநாள் வரும், வாங்குபவரும் ஆயிரக்கணக்கில். ஒன்றுக்கு மட்டும் அது உதவும்: எந்த வகைக்கு எதைவிட விலை கூட என்ற வரிசையைப் பார்க்கலாம்.

வாகன மதிப்பீட்டாளரிடம் போனோமா? போனோம், ஆனால் விற்கும் விலையை அறிய இல்லை. பெரியப்பாவுக்கு நாலு பிள்ளைகள், இருவர் வெளிநாட்டில். பங்கு பிரிக்கும்போது நாளைக்கு ஒருவரும் ஒருவரைக் குறை சொல்லக் கூடாது. கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடதாசிக்கு அந்த இடத்தில் பெறுமதி உண்டு. காப்புறுதிக்கும் வழக்குக்கும் அப்படியே. ஆனால் வழமையாக லீசிங்குக்கு வாகனம் பார்க்கும் ஒருவருக்கு, வருடம் கூடக் கூட விலை குறையும் என்பதுதான் பழக்கம். இப்படிப்பட்ட காரை இதற்கு முன் மதிப்பிட்டிருக்கிறீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

அதைவிட என் மனதில் முதலிடம், மைனர் வைத்திருப்பவர்களுக்கு. மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடித்தேன். ஒருவர் கிண்ணியா, ஒருவர் வவுனியா, ஒருவர் கண்டிப் பக்கம். என்ன விலை போகும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், தானே வாங்க நினைப்பவர் குறைத்தும் சொல்வார். "நீங்கள் வாங்கப் போனால் எதைப் பார்த்துத் திரும்பி வருவீர்கள்?" என்று கேட்டேன். மூவரும் மூன்று வார்த்தையில் ஒன்றையே சொன்னார்கள்: புத்தகமும் இலக்கமும் பொருந்தாவிட்டால். எஞ்சின் இலக்கம், சசி இலக்கம், பதிவுச் சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எங்கேயாவது ஒரு காலத்தில் எஞ்சினை மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால், அதைச் சரிசெய்ய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை வாங்குபவர் விலையில் கழிப்பார், அது கறளுக்குக் கழிப்பதைவிடப் பெரிது. எங்களுடையது பொருந்தியது. பல வருட வருமான அனுமதிப்பத்திரம் இல்லாமல் நின்றதால் பிரதேச செயலகத்தில் நிலுவை எப்படி என்று விசாரித்து எழுதி வைத்தேன். உரிமை இன்னும் பெரியப்பாவின் பெயரில். மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் கையில் வரும்வரை காசு வாங்குவதில்லை என்று முடிவு. திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். அந்தக் கார் நாளை எங்கேயாவது மோதினால் வாசலுக்கு வருவது பெரியம்மாவைத் தேடி.

கதைகளுக்கு விலை சொல்லக் கூடாது. பெரியப்பாவுக்கு இதை விற்றவர், இது துறைமுகத்தில் இருந்த பிரித்தானியக் கடற்படை அதிகாரியின் கார் என்று சொல்லியிருந்தாராம். 1957 இல் அவர்கள் தளத்தை ஒப்படைத்துப் போன ஊர் இது. இங்கே பாதிக் கார்களுக்கு இந்தக் கதை உண்டு. பழைய புத்தகத்தில் முதல் உரிமையாளர் பெயரைப் பார்த்தேன், ஒரு தமிழ்ப் பெயர்தான் இருந்தது. விளம்பரத்தில் அந்தக் கதை வராது.

இடமும் விலையில் சேரும். இதை விரும்பி வாங்கக் கூடியவர்களில் அதிகம் பேர் கொழும்பு, கண்டிப் பக்கம். கொழும்புக்கு 260 கிலோமீட்டர் லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு எங்களுடையதா வாங்குபவருடையதா என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டால் கடைசியில் முகம் சுழிக்க வராது. "கொட்டிலில் நிற்கும் நிலையில், ஏற்றிச் செல்வது வாங்குபவர் பொறுப்பு" என்று எழுதினேன்.

இத்தனைக்கும் பிறகு பெரியம்மாவிடம் போய்ச் சொன்னது இதுதான். கழற்றி விற்றால் வரும் தொகை அடி. கைமாறிய ஓடுகிற மைனர்களின் விலை கூரை. அதன் நடுவில், தரகர் சொன்னதைப்போல இரண்டரை மடங்கு கேட்கலாம், இரண்டு மடங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். உரசும் வலது கதவைப் பற்றி வருபவருக்கு நாங்களே முதலில் சொல்ல வேண்டும். மைனர் வைத்திருப்பவர் வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், காரை அவர் பிரிக்கமாட்டார்.

பெரியம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப்பேணியைக் கொண்டுவந்தார். திறப்பு இரண்டு, பழைய வரித்துண்டுகள், அடியில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. பெரியப்பாவின் எழுத்து. 1967 முதல் ஒவ்வொரு ஆயிரம் மைலுக்கும் ஒரு வரி: திகதி, மைல், ஒயில், முன்சில்லு இணைப்புக்குக் கிறீஸ். அந்த இணைப்புக்குக் கிறீஸ் போடாமல் விட்டால் ஓடும்போதே மைனரின் முன்சில்லு மடிந்துவிடும். பழைய கார்க்காரர் எல்லாரும் பயப்படும் இடம் அது. 1990 இல் மட்டும் பல மாதம் வெறும் பக்கம். பிறகு திரும்பவும் அதே நேரான எழுத்து, 2009 வரை.

படம் எடுத்துக் கிண்ணியாக்காரருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். சனிக்கிழமை காலையில் வரலாமா, கொப்பியும் காரோடு சேர்த்துத்தானா என்று கேட்டார். பெரியம்மா கொப்பியை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சேர்த்துத்தான் எண்டு சொல்லு," என்றார். "அதுக்கு முதல் ஒருக்கா எல்லாப் பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துத் தா."